லாபம், ரெண்டு, மூணு

நாலு மணிக்குள் பெரியவர் பஞ்சநதத்தைக் கண்டுபிடித்தாக வேண்டும். இப்போதே மணி ஒன்றே முக்கால். மங்களாம்பிகையோ பத்து நிமிடமாக ஒரு பழைய வெள்ளைச் சட்டையை மேசைமேல் விரித்துப் போட்டுக்கொண்டு, ஆடித் தள்ளுபடியில் துணி பார்க்கிறவர் மாதிரி உட்கார்ந்திருந்தார்.

தௌபீக்குக்கு இருப்புக் கொள்ளவில்லை. பைக் சாவியை விரலில் மாட்டிச் சுற்றினான். ஜன்னல்வரை போனான், திரும்பி வந்தான். கீழவாசல் கடைத்தெருவுக்கு மேலே, மாசி மாதத்தில் வரவே கூடாத மேகம் ஒன்று வந்து நின்றுகொண்டிருந்தது. காற்று இல்லை. ஃபேன் சுற்றியும் முதுகில் வேர்வை வழிந்தது.

“அக்கா, சட்டைதான் வேணும்னா நான் புதுசா ஒண்ணு வாங்கித் தர்றேன். கிளம்பலாமா?”

“உக்காரு.”

மங்களாம்பிகை இருபத்திரண்டு வருடம் கோர்ட்டில் டைப்பிஸ்டாக இருந்தவர். ஊரார் கூண்டில் ஏறிச் சொன்ன பொய்யையெல்லாம் பிழையில்லாமல் அடித்துக் கொடுத்து அலுத்துப்போய், விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு, ஜெராக்ஸ் கடை மாடியில் துப்பறியும் நிலையம் போட்டார். தௌபீக் அவருடைய உதவியாளன், பைக் ஓட்டி, வேளைக்கு டீ வாங்கி வருகிறவன். மூன்று வேலை, ஒரு சம்பளம். அதைத் தினம் ஒரு தடவையாவது சொல்லிக் காட்டாமல் அவனுக்குத் தூக்கம் வராது.

எதிரே நாற்காலி நுனியில் பஞ்சநதத்தின் மகள் பிரகதீஸ்வரி உட்கார்ந்திருந்தார். ஜவுளிக்கடையில் பில் போடுகிறவர், நாற்பத்தைந்து வயது, கணவர் கத்தாரில் லாரி ஓட்டுகிறார். இந்தப் புழுக்கத்திலும் முந்தானையைக் கழுத்தோடு சுற்றி இறுக்கிப் போட்டிருந்தார். பார்க்கிறவனுக்கே மூச்சு முட்டியது.

“மறுபடி ஒரு தடவை சொல்லுங்க. நிதானமா” என்றார் மங்களாம்பிகை.

“ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி அப்பா வரப்புல சறுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிஞ்சுது. ஆபரேஷன் பண்ணி நடக்கறார், ஆனா குளிக்க, கக்கூஸ் போக ஒரு ஆள் கூட வேணும். எங்க வீடு மூணாவது மாடி, லிஃப்ட் கிடையாது. நான் காலையில ஒன்பதுக்குப் போனா ராத்திரி ஒன்பதுக்கு வர்றவ. அதான் பைபாஸ்ல இருக்கற பொற்கரம் முதியோர் இல்லத்துல சேர்த்தேன். சேர்க்கும்போது மாசம் பதினெட்டாயிரம். அப்புறம் டயப்பர் தனி, பாத்துக்கற ஆள் தனி, பிசியோதெரபி தனின்னு ஏத்தி ஏத்தி இப்ப முப்பத்திநாலு.”

“காத்து ஒண்ணுதான் இன்னும் பில்லுல வரலை போல” என்றான் தௌபீக்.

“போன மாசம் ஏசி சார்ஜ்னு வந்துடுச்சு தம்பி.”

அவர் சிரிக்கவில்லை. தௌபீக் சாவியைச் சுற்றுவதை நிறுத்தினான்.

“இந்த மாசம் ரெண்டு தடவை காலையில காணாமப் போயி, சாயங்காலம் அவராவே திரும்பி வந்துட்டார். எங்க போனீங்கன்னா பதில் கிடையாது. இன்னைக்குக் காலையில மூணாவது தடவை. மேனேஜர் ராஜ்குமார் ‘உங்கப்பாவுக்கு மறதி நோய், இனிமே பூட்டி வெச்சுப் பாத்துக்கற தனிப் பிரிவுலதான் போடணும்’னு சொல்லிட்டார். அதுக்கு மாசம் அம்பத்தெட்டாயிரம். அட்வான்ஸ் ரெண்டு லட்சம். என்கிட்ட இருக்கறது அப்பா என் பேருக்கு எழுதி வெச்ச மூணு மா நிலம், ஒரே ஒரு ஏக்கர். ஆள் வந்தாச்சு. நாலு மணிக்குப் பத்திர ஆபீஸ்ல டோக்கன்.”

“வித்துடப் போறீங்களா?”

“அப்பாவுக்கு நிஜமாவே புத்தி போயிடுச்சுன்னா வித்துத்தான் ஆகணும், வேற என்ன செய்யறது. ஆனா அதை என் கண்ணால பாக்காம கையெழுத்துப் போட மனசு வரலை மேடம். அவங்களும் வேன் அனுப்பித் தேடறாங்க. அவங்க முதல்ல பிடிச்சா நேரா உள்ள போட்டுப் பூட்டிடுவாங்க. அப்புறம் நான் போயிப் பாத்தாலும் கம்பிக்கு அந்தப் பக்கம்தான் பாக்கணும்.”

மங்களாம்பிகை ஒரு தாளைத் தௌபீக்கிடம் நீட்டினார். இல்லத்தில் எழுதிய நடத்தைக் குறிப்பின் நகல். நோய் இருக்கிறது என்பதற்கு மேனேஜர் கொடுத்த ஆதாரமே இதுதான்.

தௌபீக் உரக்கப் படித்தான். “சட்டைப்பையிலேர்ந்து நெல்லை எடுத்து உமியோட கடிச்சுத் துப்பறார். ராத்திரி எழுந்து ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி, மூக்கால உறிஞ்சி வானத்தை மோந்து பாக்கறார். கட்டில்ல விரிக்கற ரப்பர் ஷீட்டைச் சுருட்டி எடுத்துட்டுப் போயிடறார், இதுவரைக்கும் ரெண்டு. அதுக்குப் பில் போட்டிருக்காங்க அக்கா. டாக்டர் பத்து வரைக்கும் எண்ணச் சொன்னா, ஒண்ணுங்கறதே சொல்லத் தெரியலை. சட்டையில மையால கிறுக்கிக்கறார்.” தாளை இறக்கினான். “சந்தேகமே இல்லை, முத்திப்போச்சு.”

“ஒண்ணுக்குப் பதிலா என்ன சொன்னாராம்?”

“அதை எழுதலை. ‘சம்பந்தமில்லாத சொல்’னு போட்டிருக்கு. ரெண்டுலேர்ந்து பத்து வரைக்கும் சரியா சொல்லியிருக்கார்.”

மங்களாம்பிகையின் உதட்டோரம் லேசாக விரிந்தது. கோர்ட்டில் பொய்ச் சாட்சி உளறும்போது அவர் முகம் இப்படித்தான் ஆகும் என்று கேள்வி. ஒரு பேனாவை எடுத்து அவனிடம் கொடுத்தார்.

“உன் சட்டையில ஏதாவது கிறுக்கு.”

“எங்க?”

“முதுகுல.”

தௌபீக் கையை வளைத்தான், தோளை முறுக்கினான், பல்லைக் கடித்தான். பேனா காலர்வரைதான் போயிற்று. “சர்க்கஸ்ல சேர்ந்தாத்தான் முடியும்.”

“எழுபத்தெட்டு வயசு, இடுப்புல பிளேட்டு. அவரால முடியுமா?” மங்களாம்பிகை, பிரகதீஸ்வரி கொண்டுவந்திருந்த பெரியவரின் சட்டையைத் திருப்பினார். முதுகின் நடுவில், நீல மையில், கோணல்மாணலாக ஏதோ பதிந்திருந்தது. “கண்ணாடியில காட்டு.”

கதவுக்குப் பக்கத்துக் கண்ணாடிமுன் சட்டையைப் பிடித்தான். அதுவரை எந்த மொழி என்றே தெரியாமல் இருந்த கோடுகள் கண்ணாடிக்குள் எழுத்தாகி நின்றன. ‘நெ.கொ.நி.’ அதற்குக் கீழே ‘மருதக்குடி’.

“நெல் கொள்முதல் நிலையம்” என்றார் மங்களாம்பிகை, செருப்பை மாட்டியபடியே. “மூட்டைமேல தகடு வெச்சு மை அடிப்பாங்க. அது காயறதுக்குள்ள யாராவது சாஞ்சு உக்காந்தா இப்படித்தான் ஒட்டும். கிளம்பு. இவ்வளவு நேரம் குதிச்சியே.”

“நீங்க ஆட்டோவில பின்னாடியே வாங்க” என்று பிரகதீஸ்வரியிடம் சொல்லிவிட்டுத் தௌபீக் இரண்டிரண்டு படியாக இறங்கினான்.

*

அம்மாபேட்டை சாலை முழுக்க அறுவடை. ரோட்டில் பாதி நெல், பாதி வண்டி. நெல்லைக் காயப்போட்டவர்கள் கருங்கல்லை வரிசையாக அடுக்கி எல்லை கட்டியிருந்தார்கள். ஒவ்வொரு கல்லுக்கும் ஒடித்து ஒடித்து ஓட்டுவதற்குள் தௌபீக்குக்கு உயிர் போய் உயிர் வந்தது. மேகம் கூடவே வந்தது. நெல் காய்ந்த இடங்களில் பெண்கள் ஒரு கண்ணை வானத்திலேயே வைத்துக்கொண்டு அவசர அவசரமாகக் கூட்டி அள்ளினார்கள்.

“ஆனா அக்கா, இடுப்பொடிஞ்ச மனுஷன் இவ்வளவு தூரம் எப்படி வந்தார்?”

“நெல் இறக்கிட்டுத் திரும்பற டிராக்டர் எல்லாம் பைபாஸ்லதான போகுது. இந்தப் பக்கத்து ஆளுங்க யாராவது கைகாட்டினா நிறுத்த மாட்டாங்களா?”

வெண்ணாற்றுப் பாலத்தைத் தாண்டும்போது தௌபீக் பார்த்துவிட்டான். டீக்கடை ஓரமாக ஒரு வெள்ளை வேன். கதவில் இரண்டு பொன்னிறக் கைகள் வரைந்திருந்தன. நீலச் சீருடையில் இருவர் யாரிடமோ விசாரித்துக்கொண்டிருந்தார்கள். முன்சீட்டில் டை கட்டிய இளைஞன் ஒருவன், பைக்கைப் பார்க்கவில்லை. பின்னால் வந்த ஆட்டோவையும் அதற்குள் இருந்த பிரகதீஸ்வரியையும் நன்றாகப் பார்த்தான்.

“போச்சு. மேனேஜர். வேனைக் கிளப்பிட்டான் அக்கா. குறுக்கு வழி ஒண்ணு இருக்கு, வாய்க்கால் கரையோட போனா…”

“நேரா போ. மெதுவாவே போ.”

“அவன் நமக்கு முன்னாடி பிடிச்சுட்டா?”

“அவன் வரணும் தௌபீக். அவன் இல்லாம இது முடியாது.”

இவருக்கும் ஒரு ரப்பர் ஷீட் தேவைப்படுமோ என்று தௌபீக் நினைத்தான். வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டான். சம்பளம் இன்னும் வரவில்லை.

மருதக்குடி நெல் கொள்முதல் நிலையம் என்றால் பெரிய கட்டடமெல்லாம் இல்லை. ஒரு தகரக் கொட்டகை, ஒரு எடைத்தராசு, சுற்றிலும் திறந்த மைதானம். அதில் முப்பது நாற்பது நெல் குவியல்கள், ஆளாளுக்கு ஒன்றாகக் கொட்டி வைத்துக்கொண்டு முறை வரும்வரை காத்துக் கிடந்தார்கள். சிலர் இரண்டு நாளாக, சிலர் ஒரு வாரமாக.

கடைசி வரிசையில், நான்கு குவியல்களுக்கு நடுவே, பிளாஸ்டிக் நாற்காலியில் பஞ்சநதம் உட்கார்ந்திருந்தார். மடியில் கைத்தடி. பக்கத்தில் சோற்றுத் தூக்கோடு ஒரு பெண்மணி. பெரியவர் தார்ப்பாய்க்கு அடியில் கைவிட்டு நான்கு நெல்மணிகளை எடுத்தார். வாயில் போட்டார். கடித்தார். துப்பினார்.

குறிப்பில் எழுதியிருந்தது அப்படியே கண்ணெதிரே நடக்கிறது. ஆட்டோவிலிருந்து இறங்கிய பிரகதீஸ்வரியும் அதைப் பார்த்துவிட்டு, நடக்க முடியாமல் நின்றுவிட்டார்.

வேன் வந்து நின்றது. ராஜ்குமார் இறங்கினான். சென்னையில் ஓட்டல் நிர்வாகம் படித்து வந்தவன், பேச்சில் மரியாதைக்குக் குறைவே இல்லை. “பாத்தீங்களா மேடம், நான் சொன்னதுதான். நெல்லைத் திங்கறார். அதோ, எங்க ரப்பர் ஷீட்.” கிழிந்த தார்ப்பாயின் ஓட்டையில் சிவப்பு ரப்பர் ஷீட் ஒன்று கயிறு போட்டுக் கட்டப்பட்டிருந்தது. அடுத்த குவியலில் இன்னொன்று. “பயப்படாதீங்க, நாங்க பக்குவமா ஏத்திடுவோம்.”

நீலச் சீருடைக்காரர்கள் இரண்டு எட்டு வைத்தார்கள். மங்களாம்பிகை குடையைக் குறுக்கே நீட்டினார்.

“ஒரு நிமிஷம் தம்பி. அந்த வரிசையைப் பாருங்க.”

தராசுக்கு முன்னால் நின்ற வரிசையை ராஜ்குமார் பார்த்தான். தௌபீக்கும் பார்த்தான். பச்சைத் துண்டுக்காரர் ஒருவர் நெல்லைக் கடித்துத் துப்பினார். அவருக்குப் பின்னால் நின்றவர் கடித்தார், முகம் சுளித்தார். கொட்டகை நிழலில் ஒரு அம்மாள் கடித்துவிட்டு, “இன்னும் ஒரு வெயில் காயணும்” என்று பக்கத்தில் சொன்னார்.

“ஈரம் பதினேழு சதவீதத்துக்கு மேல இருந்தா நெல்லை எடுக்க மாட்டாங்க” என்றார் மங்களாம்பிகை. “உள்ள மெஷின் இருக்கு. ஆனா அது வரைக்கும் போயித் திரும்பி வரக் கூடாதுன்னா, பல்லுதான் மெஷின். டக்குனு உடைஞ்சா காஞ்சிருக்கு. நசுங்கினா ஈரம். ராத்திரியில கையை வெளியே நீட்டினது மழை வருதா, பனி எறங்குதான்னு பாக்க. ஷீட்டை எடுத்தது எதுக்குன்னு உங்க கண்ணு முன்னாடியே கட்டியிருக்கு.”

“சரி மேடம், ஒத்துக்கறேன். ஆனா ஒண்ணு, ரெண்டுகூடச் சொல்ல வரலை. டாக்டர் மூணு தடவை கேட்டிருக்கார்.”

மங்களாம்பிகை தராசுப் பக்கம் கையைக் காட்டினார். சுமைதூக்கும் தொழிலாளி ஒருவர் எடை போட்ட மூட்டையை முதுகில் ஏற்றி, மூட்டைகள் அடுக்கியிருந்த அட்டியில் இறக்கினார். உரக்கக் குரல் கொடுத்தார்.

“லாபம்.”

அடுத்த மூட்டை இறங்கியது. “ரெண்டு.” அதற்கடுத்தது. “மூணு.”

“நெல்லை அளக்கும்போது ஒண்ணுன்னு இங்க யாரும் சொல்ல மாட்டாங்க. லாபம்னுதான் ஆரம்பிப்பாங்க. அறுபது வருஷம் களத்துல நின்ன மனுஷனை எண்ணச் சொன்னா வேற எப்படி எண்ணுவார்? வேனைத் திறங்க தம்பி. அந்த மூட்டைக்காரரை ஏத்துங்க, வரிசையில நிக்கற முப்பது பேரையும் ஏத்துங்க. ஆளுக்கு அம்பத்தெட்டாயிரம், உங்களுக்கு நல்ல மாசம்.”

வரிசையில் யாரோ சிரித்தார்கள். சிரிப்பு குவியலுக்குக் குவியல் தாவியது. ராஜ்குமாரின் காது சிவந்துவிட்டது. அவனைப் பார்க்கவும் தௌபீக்குக்குப் பாவமாகத்தான் இருந்தது. நகரத்தில் பிறந்தது ஒரு குற்றமா? தௌபீக்கே பாத்திரக்கடைக்காரர் மகன். அவனுக்கும்தான் பத்து நிமிடத்துக்கு முன்னால் இது எதுவும் தெரியாது.

ஆனால் ராஜ்குமார் டையைச் சரிசெய்துகொண்டு, மெதுவாக வேறொன்று சொன்னான். “மேடம், நோய் இல்லைன்னே வெச்சுக்குவோம். அவரோட பழைய கட்டிலை இன்னைக்குக் காலையிலேயே வேற ஒருத்தருக்குக் கொடுத்தாச்சு. காத்திருக்கறவங்க லிஸ்ட் அவ்வளவு இருக்கு. இப்போ காலியா இருக்கறது அந்தத் தனிப் பிரிவு மட்டும்தான். இன்னைக்கு ராத்திரி இவரை எங்க வெச்சுப் பாத்துப்பீங்க?”

சிரிப்பு நின்றது. பிரகதீஸ்வரியின் கைப்பையில் போன் அடித்தது. நிலம் வாங்க வந்தவராக இருக்கும். மணி மூன்றேகால்.

ஜெயித்துவிட்டோம் என்று நினைத்த தௌபீக்குக்கு இது பகீரென்றது. மங்களாம்பிகையைப் பார்த்தான். அவர் பிரகதீஸ்வரியைப் பார்த்தார். கோர்ட் டைப்பிஸ்டுக்கும் தெரியாத கேள்வி உலகத்தில் இருக்கத்தான் செய்கிறது.

பதில் பிளாஸ்டிக் நாற்காலியிலிருந்து வந்தது.

“அதைப் பேசத்தான் மூணு தடவையா இங்க வர்றேன்” என்றார் பஞ்சநதம். “பூவம்மா, நீயே சொல்லு.”

தூக்கோடு நின்ற பெண்மணி முன்னால் வந்தார். நிலையத்துக்கு எதிரே சாப்பாட்டுக்கடை வைத்திருப்பவராம். “என் வீட்டுக்காரரு பக்கவாதத்துல ஆறு வருஷம் கெடந்தாரு. நான்தான் பாத்தேன். அவருக்குன்னு கட்டின ரூம் இருக்கு, தரைமட்டம், நாற்காலி கக்கூஸ், செவுத்துல பிடிச்சுக்கக் கம்பி. குளிப்பாட்ட எனக்கு யாரும் சொல்லித்தர வேணாம். சாப்பாட்டோட பன்னெண்டாயிரம் குடுங்கன்னேன். அண்ணன் பத்துலயே நிக்கறாரு. ஒரு மாசமா இழுத்துக்கிட்டிருக்கு.”

“ராவும் பகலும் குவியலைப் பாத்துக்க முடியாதவங்க இருக்காங்கள்ல” என்றார் பஞ்சநதம். “அவங்க வேற வயல்ல அறுக்கப் போயிடுவாங்க. நான் உக்காந்து மாடு விரட்டறேன், மழை வந்தா மூடச் சொல்லிக் கத்தறேன். ஒரு குவியலுக்கு ஒரு நாளைக்கு நூறு ரூபா. நெல்லு இல்லாத மாசத்துக்குத்தான் இடிக்குது. அதான் பத்துன்னு கேக்கறேன்.”

தௌபீக் வாயைப் பிளந்தான். தொலைந்துபோன கிழவரைத் தேடி அவர்கள் அலைந்தால், அந்தக் கிழவர் தனக்கே ஒரு இடம் பார்த்து ரேட் பேசிக்கொண்டிருந்திருக்கிறார்.

“என்கிட்ட ஏன் சொல்லலைப்பா?” பிரகதீஸ்வரி அருகே போய்க் குனிந்தார். “பைத்தியம்னு எழுதறவரைக்கும் ஏன் வாயை மூடிக்கிட்டு இருந்தீங்க?”

“நீதானே பாப்பா சொன்னே, அது அரசாங்கத் திட்டம், நமக்கு ஒரு பைசா செலவில்லைன்னு. இலவசமா இருக்கற எடத்தை விட்டுட்டு எதுக்கு வேற எடம் தேடறீங்கன்னு கேட்டா நான் என்ன சொல்லுவேன்?”

“இலவசம் இல்லைன்னு உங்களுக்கு யாரு சொன்னா?”

காற்று அப்போதுதான் எழுந்தது. தார்ப்பாய்கள் படபடத்தன. பிரகதீஸ்வரியின் முந்தானை கழுத்திலிருந்து நழுவியது. அவர் பிடிப்பதற்குள் பஞ்சநதம் பார்த்துவிட்டார், எல்லோரும் பார்த்தார்கள். தாலி வெறும் மஞ்சள் கயிற்றில் தொங்கியது.

“எனக்கு மறதின்னு எழுதியிருக்காங்களாம்” என்றார் பெரியவர். “அஞ்சு பவுன் செயினு. உன் கல்யாணத்துக்கு உங்கம்மா ரெண்டு போகம் நெல்லு வித்துப் போட்டா. போன புரட்டாசி வரைக்கும் உன் கழுத்துல இருந்துச்சு. அதுக்கப்புறம் பதினேழு ஞாயித்துக்கிழமை என்னைப் பாக்க வந்தே. பதினேழு தடவையும் முந்தானையைச் சுத்திக்கிட்டே வந்தே. குளிருதாம்மான்னு கேட்டேன். ஆமாம்ப்பான்னே.”

பிரகதீஸ்வரி நெல் குவியலின் ஓரத்திலேயே உட்கார்ந்துவிட்டார். போன் மறுபடி அடித்தது. எடுத்து, “நிலம் விக்கலைங்க” என்று மட்டும் சொல்லி வைத்தார். பூவம்மாள் தூக்கைக் கீழே வைத்துவிட்டு, “பதினொண்ணு, அதுக்குக் கீழ எனக்குக் கட்டாது” என்றார். பெரியவர் தலையாட்டினார்.

“வேன் போகலாம் தம்பி” என்றார் மங்களாம்பிகை ராஜ்குமாரிடம். “ஷீட் ரெண்டுக்கும் பில் போட்டுட்டீங்க. அது இங்கயே இருக்கட்டும்.”

முதல் தூறல் விழுந்தது. மைதானம் முழுக்க ஆட்கள் தார்ப்பாயை இழுத்துக்கொண்டு ஓடினார்கள். பஞ்சநதம் அசையவில்லை. வேட்டி மடிப்பை அவிழ்த்து, மடித்து மடித்துச் சின்னதாகிப் போயிருந்த நூறு ரூபாய் நோட்டுகளை எடுத்தார். மகளின் கையை இழுத்து விரித்து, அதில் ஒவ்வொன்றாக வைக்க ஆரம்பித்தார்.

“செயினை மீட்க இதுலேர்ந்து சேர்த்துவை” என்றார். “லாபம். ரெண்டு. மூணு…”

தௌபீக் பறந்துகொண்டிருந்த தார்ப்பாயின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு, அவர் எண்ணி முடிக்கும்வரை நின்றான்.